கொத்துமல்லி மணக்கும் குட்டித் தீவு

சகோதரிகளே, இந்த இதழில் உங்களை ஒரு தீவுக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் எடுக்க வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். குக்கர் நாலு விசில் விடுவதற்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். தீவின் பேர் மொரிஷியஸ்.

"அதுவா? சினிமாக்காரர்கள் டூயட் பாடப் போகிற இடமாச்சே! பணம் படைத்தவர்கள் தேனிலவுக்குப் போவார்கள். நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் நம்ம அடுப்படியோடு இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

கையகல நாடு

இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கர் தீவுக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மொரிஷியஸ். தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் பஸ் ஏறி விழுப்புரம் போகிற தூரம்தான், ஒரு நாட்டின் தலையிலிருந்து கால் வரை! ரோட்ரீக்ஸ் முதலான சின்னத் தீவுகளையும் சேர்த்தால் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டமே 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஜனத்தொகையும் பன்னிரண்டரை லட்சம் சொச்சம்தான்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவமெல்லாம் தலைகீழ். நாம் மார்கழிப் பனியில் கோலம் போடும்போது அவர்களுக்குச் சுள்ளென்று வெயில். நமக்குக் கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் அவர்களுக்குக் குளிர் ஆரம்பம். தலைநகரம் போர்ட் லூயிஸ். பணத்தின் பேர் ரூபாய். ராணுவம் என்று தனியாக ஒன்று கிடையாது, போலீஸ் படை மட்டும்தான்.

ஆதியில் அங்கே குடியிருந்த ஜனங்கள் என்று யாரும் இல்லை. 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து, தங்கள் இளவரசர் மாரிட்ஸ் பேரை வைத்தார்கள். அப்போது அங்கே 'டோடோ' என்று ஒரு பறவை இருந்தது. புறா ஜாதிதான். ஆனால் வான்கோழியைவிடப் பெரிசு, பறக்கத் தெரியாது. மனுஷனைக் கண்டு பயப்படவும் தெரியாது. மனுஷர்களோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. 1662-க்குப் பிறகு அதைக் கண்ணால் பார்த்ததாக நம்பத்தகுந்த தகவல் இல்லை. எழுபது வருஷத்துக்குள் ஒரு வம்சமே பூண்டற்றுப் போயிற்று.

டச்சுக்காரர்கள் 1710-ல் போனார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1810-ல் ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1968 மார்ச் 12-ம் தேதி சுதந்திரம் கிடைத்தது. காந்திஜி தண்டி யாத்திரை தொடங்கிய தேதி அது. 1992-ல் அதே தேதியில் குடியரசாகவும் ஆயிற்று. காந்திஜியே 1901-ல் கப்பல் பயணத்தில் அங்கே இறங்கி, "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று நம் ஜனங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நம்ம ஜனங்கள் போன கதை

நம்மவர்கள் இரண்டு தவணையாகப் போனார்கள்.

முதல் தவணை பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில். 1735-ல் கவர்னராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டுவதற்குப் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். எங்கள் மணலூர்பேட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண்டிச்சேரி போய்விடலாம். அத்தனை பக்கத்திலிருந்து போனவர்கள் அவர்கள்.

இரண்டாவது தவணைதான் பெரிசு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளை 1835-ல் விடுதலை செய்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 1834 நவம்பர் 2-ம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் போய் இறங்கினார்கள். அந்தத் தேதி இன்றைக்கும் அங்கே அரசு விடுமுறை. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் கடல் தாண்டினார்கள். அவர்கள் ஏறிப்போன கல் படிகள் போர்ட் லூயிஸில் இருக்கின்றன. 'ஆப்ரவாசி காட்' என்று பேர். 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே தரையெல்லாம் எரிமலை கக்கிய கருங்கல். அதைக் கையால் பொறுக்கிக் குவித்துவிட்டுத்தான் கரும்பு நட்டார்கள். அந்தக் கற்குவியல்கள் இன்றைக்கும் கரும்புக் கொல்லை நடுவில் கோபுரம் மாதிரி நிற்கின்றன. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும், கரும்புச் சோகை கையை எப்படி அறுக்கும் என்று. சோகையோடு கல்லும் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஒரு பெண்ணின் பேரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1943 செப்டம்பர் 27. பெல் வூ ஹாரல் என்ற தோட்டத்தில் கூலி போதவில்லை என்று தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் சுட்டது. நாலு பேர் உயிர் போயிற்று. அதில் ஒருத்தி கர்ப்பிணி. பேர் அஞ்சலை குப்பன். திருக்கோவிலூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நின்று "அஞ்சலை!" என்று கூப்பிட்டாலும் ஒரு வீட்டிலிருந்தாவது ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள். அந்தப் பேரைச் சுமந்து அத்தனை தூரம் போன ஒரு குடும்பத்துப் பெண் அவள். இன்றைக்கு அந்த நாட்டின் விளையாட்டு மைதானம் ஒன்றுக்கு அஞ்சலை பேர்தான்.

பேர் இருக்கிறது, பேச்சு?

அங்கே நம்மவர்களின் குடும்பப் பேர்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். கப்பலிலிருந்து இறங்கியவர் சொன்ன பேரை, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அதுவே பரம்பரைப் பேராக நின்றுவிட்டது. ஆர்மூகம், வீராசாமி, மூத்தூசாமி, பிள்ளை, செட்டி. எங்கள் தென்னாற்காட்டில் தெருவுக்குத் தெரு கேட்கிற 'படையாச்சி'யும் உண்டு. 2019-லிருந்து 2024 வரை அங்கே நிதி மந்திரியாக இருந்தவர் பேர் ரெங்கநாதன் படையாச்சி என்றால் பாருங்களேன்!

ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் தொகை அச்சாகிறது. 1998-ல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னால் போட்டு, தமிழைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். தமிழ் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று.

தைப்பூசம் அங்கே நாடு முழுக்க விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, ரோஜா நிறத்தில் உடுத்தி, பால் காவடி எடுக்கிறார்கள். காத்ர் போர்ன் என்ற ஊரில் மலைச்சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களைப் போலவே அங்கேயும் தீமிதி உண்டு. எங்கள் ஊரில் தை 5-ம் தேதி தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா, அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். அதே தை மாதத்தில் கடல் தாண்டி இன்னொரு கூட்டம் "வேல் வேல்" என்கிறது.

ஆனால் ஒன்று. அந்தக் காவடி தூக்குகிறவரிடம் போய், "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகருக்குப் புரியாது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் வெகு சொற்பம். ஏறக்குறைய எல்லோருக்கும் வீட்டுப் பாஷை 'கிரியோல்' என்கிற, பிரெஞ்சிலிருந்து கிளைத்த பாஷை. சாமி பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் உண்டு. "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டால் "தமிழ்" என்று பதில் சொல்கிறவர்களும் உண்டு. பாஷை போய், தமிழ் என்பது சாமியாக நின்றுவிட்டது.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்தில் பக்கத்து வரிசையில் நிற்பவள் போஜ்புரிக்காரி, அடுத்தவள் தெலுங்குக்காரி, அதற்கடுத்தவள் ஆப்பிரிக்கக்காரி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்! ஆயாவுக்குத் தெரிந்த பாஷை அம்மாவுக்குப் பாதி, பேத்திக்கு இல்லை. இப்போது அரசாங்கப் பள்ளிகளில் தமிழைப் பாடமாகப் படிக்கலாம். மோக்கா என்ற ஊரில் 1970-களில் ஏற்பட்ட மகாத்மா காந்தி நிலையத்திலும் தமிழ் சொல்லித் தருகிறார்கள். அம்மா வாயிலிருந்து சும்மா வர வேண்டியதை, வாத்தியாரிடம் புத்தகம் பிரித்துப் படிக்கிறார்கள்.

அடுப்படியில் பிழைத்த தமிழ்

இனிமேல்தான் விசேஷம். பேச்சில் போன தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? காய்கறிக் கூடையில்!

அங்கே சந்தையில் கொத்துமல்லிக்குப் பேர் 'கோத்தோமிலி'. கறிவேப்பிலை 'காரிப்பூலே'. முருங்கைக்கீரை 'ப்ரெட் முரூம்' ('ப்ரெட்' என்றால் கீரை). பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. ரசம் 'ரசோன்'. புட்டு 'பூத்து'. வாங்குகிறவர் சீனர் ஆனாலும் ஆப்பிரிக்க வம்சத்தவர் ஆனாலும் இதே பேர்தான். வருஷப் பிறப்பிலும் விரத நாட்களிலும் வாழையிலை போட்டு 'செட் காரி', அதாவது ஏழு கறி, பரிமாறுகிறார்கள். பலாக்காய், பூசணிக்காய், வாழைக்காய் என்று ஏழு வகை, கூடவே ரசோன்.

இதில் எனக்குத் தோன்றுவது இதுதான். எந்த வார்த்தை தினமும் அடுப்படியில் புழங்கியதோ, அது நூற்றைம்பது, இருநூறு வருஷம் ஆகியும் சாகவில்லை. ராஜாங்கம் அதைக் காப்பாற்றவில்லை. கறி தாளிக்கும்போது, "அந்தக் கொத்துமல்லியை எடு" என்று மகளிடம் சொன்ன பெண்கள்தான் காப்பாற்றினார்கள்.

ரேஷன் எண்ணெய் சொல்லும் பாடம்

அடுப்படி காப்பாற்றும். கவனிக்காவிட்டால் கெடுக்கவும் செய்யும். இதற்கும் மொரிஷியஸே சாட்சி.

1987-ல் அங்கே ஜனங்களின் ஆரோக்கியத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு எல்லாம் ஜாஸ்தி. எல்லா வீட்டிலும் புழங்கிய ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அரசாங்கம் அதை மாற்றி முழுக்கச் சோயா எண்ணெயாகக் கொடுத்தது. ஐந்தே வருஷத்தில், 1992-ல் மறுபடியும் சோதித்தபோது, ஜனங்களின் சராசரிக் கொழுப்பு அளவு சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது! அந்த ஐந்து வருஷமும் உடற்பயிற்சி, புகை, குடி பற்றியெல்லாம் பிரசாரம் நடந்தது. கொழுப்பு குறைந்ததில் எண்ணெய் மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

ஆனால் சர்க்கரை வியாதி அசையவில்லை. உடம்பு பருமனோ கூடிவிட்டது. 2021-ல் எடுத்த கணக்கிலும் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. கரும்பு வெட்டிய தாத்தா சாப்பிட்டதை வெயிலில் கரைத்தார். நாற்காலியில் உட்கார்ந்த பேரன் அதையே சாப்பிட்டால் எங்கே கரையும்?

நம் வீட்டிலும் இதே கதைதான். ஆகையால்:

* எந்த எண்ணெயானாலும் அளந்து ஊற்றுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று தனி டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டால் கை தாராளம் குறையும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.
* சாதத்தைக் குறைத்து, காயையும் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். முருங்கைக்கீரை வேலியோரத்தில் சும்மா கிடைக்கிறது.
* கர்ப்பமாக இருக்கும் பெண்கள் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், ஆறாம் மாதத்தையொட்டியும் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். "எனக்கு இனிப்பே பிடிக்காது, எனக்கு எங்கே வரப்போகிறது" என்று இருந்துவிடாதீர்கள்.

நாம் கற்றுக்கொள்ளலாம்

1960-ல் 'கரோல்' என்ற புயல் அந்தத் தீவைச் சூறையாடிற்று. ஓலையும் தகரமுமான வீடுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு கான்கிரீட் ஆயிற்று. புயல் எச்சரிக்கையை 1 முதல் 4 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். ஒன்று என்றதும் குடிநீர், மெழுகுவர்த்தி, மருந்து, குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும். மூன்று என்றால் வெளியே தலை காட்டக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரைபுரண்டதைப் பார்த்த நமக்கு, அந்த முன்னேற்பாட்டின் அருமை புரியும்.

1977-லிருந்து அங்கே உயர்நிலைப் படிப்பும் இலவசம். பெண் பிள்ளைகள் படிப்பில் முன்னேறியதற்கு அது பெரிய காரணம். 2005-லிருந்து மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. 2015-ல் குடியரசுத் தலைவராக வந்த அமீனா குரிப் ஃபாகிம் என்ற பெண்மணி, பச்சிலை மூலிகைகளை ஆராய்ந்த விஞ்ஞானி. பாட்டி வைத்தியத்தில் சேருகிற இலைகளைச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தவர், நாட்டின் தலைமைப் பதவி வரைக்கும் போனார்.

செய்து பாருங்கள்: காத்தோ பிமா

இது நம்ம பருப்பு வடையின் அக்காள் மகள். அங்கே காலையில் ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிடுவார்கள்.

கடலைப் பருப்பு ஒரு ஆழாக்கு, பச்சை மிளகாய் 4, சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கியது ஒரு கைப்பிடி, கொத்துமல்லி ஒரு பெரிய கைப்பிடி, கறிவேப்பிலை, சீரகம் அரை டீஸ்பூன், உப்பு.

பருப்பை மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, கரகரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கலந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாக அழுத்தி, காய்ந்த எண்ணெயில் மிதமான தீயில் சிவக்க எடுங்கள். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் பணியாரச் சட்டியில் ஒரு சொட்டு விட்டுத் திருப்பிப் போட்டு எடுக்கலாம். கொத்துமல்லியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இதன் மணமே அதுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது எங்கள் ஊர்ப் பக்கமே கேட்கிறேன். "ரைஸ் சாப்பிடு கண்ணா", "மில்க் குடிச்சியா", "ஆனியன் உரிச்சு வை" என்று இளம் தாய்மார்கள் பேசுகிறார்கள். ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நாலு பாஷை பேசட்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். ஆனால் சோறு, பால், வெங்காயம், பீர்க்கங்காய் இதையெல்லாம் சொல்லித் தர உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கடல் தாண்டிப் போய், கல் பொறுக்கி, கரும்பு வெட்டி, பேச்சையே இழந்த பெண்கள்கூட அடுப்படி வார்த்தைகளை விடவில்லை. அங்கே பிழைத்தது அது ஒன்றுதான். சொந்த ஊரில், சொந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு நாம் அதைத்தான் முதலில் விடுகிறோம்.

பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது, "கொத்துமல்லி ஒரு கட்டு, கறிவேப்பிலை கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வா" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்புங்கள். அது போதும்.